அண்ணா, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன்

அண்ணா,

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் விற்கப் போவதில்லை, தூக்கிப் போடவும் போவதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் வீடு காலி செய்த கதைக்குள் நான் போகவில்லை.

"பேர் இல்லாத பெட்டியை எவன் வாங்குவான்" என்றாய். சரிதான். ஆனால் பெட்டிக்குப் பேர் இல்லாவிட்டாலும் உள்ளே சத்தம் எழுப்பும் பாகமான டிரைவருக்கு இருக்கலாம். பழைய அமெரிக்க டிரைவர் என்றால் அதன் உலோகச் சட்டத்தில் ஓர் எண் குத்தியிருப்பார்கள். 220 என்று தொடங்கினால் ஜென்சன் கம்பெனி, 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி. அதற்குப் பின்னால் தயாரித்த ஆண்டும் வாரமும் வரும். அதைப் பார்க்கத்தான் திறந்தேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

எண் எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஜோடியே இல்லை, அண்ணா.

இடது பக்கத்தில் சின்ன டப்பா மாதிரி அல்நிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம். வலது பக்கத்தில் அகலமான வட்டாக ஃபெரைட் என்ற பீங்கான் வகைக் காந்தம். மல்டிமீட்டர் வைத்தால் இடதில் 6 ஓம், வலதில் 3 சொச்சம். டிரைவரின் கணக்கு ஓமைவிட மீட்டர் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்; அதாவது ஒன்று 8 ஓம், இன்னொன்று 4 ஓம். ஒரே வோல்டேஜுக்கு 4 ஓம் இரண்டு மடங்கு பவர் இழுக்கும். வலது பக்கம் எப்போதும் சத்தம் தூக்கலாக இருந்ததற்கு, நான் இடது வலது பேலன்ஸ் குமிழைத் திருகிவிட்டேன் என்று எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்! அப்பாவிடம் போய்ச் சொன்னது யார் என்பதை இங்கே எழுதவில்லை.

ஒரு மத்தியானம் நீ 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் தொட்டுத் தொட்டு எடுத்தாய். டிரைவரில் ஆடும் கூம்பு, அதாவது கோன், முன்னால் வருகிறதா, உள்ளே போகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "முன்னாடி" என்று நான் கத்தியதும் அந்த ஒயருக்குச் சிவப்பு டேப் ஒட்டினாய். இரண்டு கோனும் எதிரெதிராக ஆடினால் பேஸ், அந்தக் கனமான அடி ஓசை, செத்துவிடும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். நீ என்னையும் ஓர் ஆளாக மதித்து வேலை கொடுத்த நாள் என்று அதை இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

அன்றைக்கு வலது பெட்டி மட்டும்தான் திறந்திருந்தது. இப்போதுதான் உறைக்கிறது.

வலது டிரைவரை எரித்துவிட்டாய், கையில் கிடைத்த வேறொன்றை மாட்டினாய். பயந்திருப்பாய், புரிகிறது. அந்த வயதில் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் பழியை என் மேல் போட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

முடிவு இதுதான். இடது பெட்டி எனக்கு. அதன் கோனைச் சுற்றியுள்ள துணி விளிம்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது, ரேடியோ கேட்க ஒன்று போதும். வலது உனக்கு. ஃபோம் விளிம்பு பிசுபிசுவென்று உதிர்கிறது. பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் 15, 20 வருஷத்தில் ஃபோம் அப்படித்தான் ஆகும், அதற்கும் என்னைச் சொல்லாதே. புது வளையம் வாங்கி ஒட்டலாம். கை நடுங்காமல் ஒட்டுவது உனக்குத்தான் வரும்.

வந்து எடுத்துக்கொள். வலது டிரைவரில் நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கிறது. நாலாவது எங்கே என்று உனக்குத்தான் தெரியும்.