இந்தப் படிவம் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேக்குவம் பம்பு, பெல்லோஸ் வால்வு, ப்ரஷர் சென்சார் வாங்குகிறவர்களிடம் இப்போது ஒரு படிவம் கேட்கிறோம். பொருள் எங்கே போகிறது, எந்த வேலைக்கு, கடைசியில் யாரிடம் இருக்கும் என்று எழுதித் தர வேண்டும். "காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம், எதற்கு விசாரணை?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

மருந்துக் கம்பெனியில் ஓடும் வேக்குவம் பம்பின் இனம்தான் யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அணுகுண்டுக்கும் உதவும்படி அதன் வீரியத்தைக் கூட்டும், ஆலையிலும் ஓடுகிறது. அணுகுண்டுக்கு என்று சொல்லி யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன 'பிபிசி சைனா' கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தார்கள். உள்ளே செறிவூட்டும் எந்திரத்தின் பாகங்கள். பின்னணியில் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் கதீர் கானின் கடத்தல் வலை. பாகங்களைச் செய்து கொடுத்தது மலேசியாவில் ஒரு தொழிற்சாலை. துபாயில் எண்ணெய்த் தொழிலுக்குப் போகிறது என்று நினைத்தார்களாம்!

அங்கே வாங்கியது ஒரு அரசாங்கம். பயங்கரவாதிகளும் முயன்றிருக்கிறார்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் கும்பல், 1993இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையை வாங்கி யுரேனியம் தேடியது. பெர்த்தில் சுங்க அதிகாரிகள் அவர்கள் சாமான்களைத் திறந்தால், கை கழுவும் சோப்பு என்று எழுதிய புட்டிகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குண்டு கைகூடவில்லை. பணத்துக்குக் குறைவில்லை.

இப்படிப்பட்டவர்கள் கையில் அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள் சேராமல் தடுக்க எல்லா நாடுகளும் சட்டம் போட வேண்டும் என்று 2004இல் ஐ.நா. பாதுகாப்பு சபை 1540ஆம் தீர்மானம் போட்டது. நம் நாட்டுச் சட்டம் 2005இல் வந்தது. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களை அரசு குறித்து வைத்திருக்கும் ஸ்கோமெட் பட்டியலில் உள்ள பொருளை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. பட்டியலில் இல்லாவிட்டாலும், இந்த மாதிரி ஆயுத வேலைக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுப்பக் கூடாது. நீங்கள் வாங்கி வெளிநாட்டுக்கு விற்றாலும் இதே கதைதான்.

உண்மையைச் சொன்னால், படிவத்தைவிடப் பேச்சிலேயே ஆள் தெரிந்துவிடும். நிஜமான வாடிக்கையாளர் சீல் கிட் கிடைக்குமா என்பார், வாரண்டிக்கு மல்லுக்கட்டுவார், விலையில் நூறு ரூபாயாவது குறைக்காமல் போகமாட்டார். சர்வீஸ் வேண்டாம், முழுப் பணமும் இப்போதே, சரக்கை ஷிப்பிங் ஏஜெண்ட் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறவரிடம்தான் யோசிக்கிறோம்.

கிணற்று மோட்டார், வீட்டுப் பம்பு வாங்குகிறவர்களுக்கு இது எதுவும் கிடையாது. மற்றவர்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் போட்டு, ஆர்டரோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, அசல் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
நிர்வாகம்