காணி அரசினுடையது, கையெழுத்தும் அரசினுடையதுதான்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தெரிவான நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சம்பளம் கேட்டாலும் காணி கேட்டாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களான எங்களுக்கு வருவது ஒரே பதில்: "தேயிலை விலை உலகச் சந்தையின் கையில், அரசாங்கம் என்ன செய்யும்?" இதில் பாதி உண்மை இருக்கிறது. ஈராக்கிலோ ரஷ்யாவிலோ நெருக்கடி வந்தால் கொழும்பு ஏலத்தில் விலை ஆடத்தான் செய்கிறது.

ஆனால் அரசு நினைத்தால் எதுவரை போகும் என்பதை எங்களைவிட அனுபவித்தவர்கள் யார்? 1948இல் ஒரு சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் பாட்டன் பாட்டியை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தன. எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்தது. கடன் கொடுத்தவர்கள் நெருக்கியிருக்கலாம், கையெழுத்துப் போட்டது கொழும்புதான்.

2021ஐ மறக்க முடியுமா? இரசாயன உரத்தை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. செடி வெளிறி, கொழுந்து குறைந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஏறவில்லை. நாள் முழுக்க மலையேறி இறங்கிய பெண்களுக்கு, கிலோ போதாது என்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு விழுந்தது. அதே 2021 டிசம்பரில், ஈரானுக்குத் தரவேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகக் கட்ட அரசு ஒப்பந்தம் செய்தது. ஒரு நாட்டின் கடனையே கட்டும் அளவுக்கு எங்கள் கொழுந்துக்கு மதிப்பு இருக்கிறது. அதைப் பறிக்கிற குடும்பம் படுத்துறங்கும் லயக் காம்பிராவுக்கு, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறைக்கு, மட்டும் காணி உறுதி என்ற உரிமைப் பத்திரம் கிடையாது.

தோட்டக் காணி இன்றும் அரசுக் காணி. கம்பனிகள் வைத்திருப்பது 53 ஆண்டுக் குத்தகை. ஆகவே வீட்டுக் காணியைப் பிரித்து உறுதி எழுதித் தர நியூயோர்க்கையோ லண்டனையோ கேட்க வேண்டியதில்லை. சர்வதேச நாணய நிதியத்துடன் பேசப் போகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்: செலவைக் குறைக்கும் பட்டியலில் எங்கள் வீட்டுத் திட்டம் முதலில் வரக்கூடாது.

அடுத்த அமர்வில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பெண்ணின் பெயரும் சேர்த்து, காணி உறுதி எந்த மாதம் கிடைக்கும்? அமைச்சரின் பதிலை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து, லயத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியை