மூன்று மாதமாக வராத கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. தம்பியின் விஷயத்தை அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் குழு குளத்தங்கரையில் வைத்த கன்றுகளுக்கு இந்தக் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

மாதம் பிறந்தால் உன் கணக்கு வந்துவிடும். வைத்தவை இத்தனை, நிற்பவை இத்தனை, ஆடு கடித்தவை இத்தனை என்று நீ எழுதி அனுப்புவதை நான் இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவேன். மூன்று மாதமாக அது வரவில்லை. வேலை மிகுதியாக இருக்கும். குழுவை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கடிதம் எழுத நேரம் வாய்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதல் இரண்டு கோடைதான் கன்றுக்குக் கண்டம். வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும் வரை அது நம் கையை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து ஊற்றுவோம் என்று கூட்டத்தில் கைதூக்கினால் போதாது. எல்லோருக்கும் பொதுவான வேலை கடைசியில் ஒருவருக்கும் உரியதல்லாமல் போய்விடும். செவ்வாய்க்கிழமை இந்த இருவர், இந்த வரிசையில் இத்தனை கன்று என்று பெயரெழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். தூரைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டி, காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஊற்றிய தண்ணீர் வெயிலில் வீணாகாது. இதையெல்லாம் போன கடிதத்திலும் எழுதினேன் என்று நினைக்கிறேன். இருக்கட்டும், தண்ணீர் முறையைப் பெயரெழுதி ஒட்டு.

உன் குழுவைப் பற்றி நான் இங்கே யாரிடமும் பெருமை பேசாத நாள் இல்லை. மற்றவர்கள் கன்று நடுவதில் தொடங்கும்போது, நீங்கள் முதல் மூன்று மாதம் கையில் ஒரு மண்வெட்டிகூட எடுக்காமல், பெரியவர்களை முன்னே நடக்கவிட்டு, மழைநீர் எந்த மேட்டிலிருந்து எந்த வழியாகக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது என்று தடம் பிடித்துத் தாளில் வரைந்தீர்கள். தூர்வார இயந்திரம் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தபோது, வரத்துக்கால்வாய் அடைபட்டுக் கிடக்கையில் குளத்தை ஆழமாக்கி என்ன பயன் என்று கேட்டு, கால்வாயை முதலில் திறந்தாய். பிறகு தூர்வாரும்போதும், வண்டல் தீர்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாய். அடியிலுள்ள களிமண் படிவத்தைக் கிழித்துவிட்டால் தேங்கும் நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும் என்பதை அந்த ஓட்டுநருக்கு நீ விளக்கிச் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அள்ளிய வண்டலை வயல்காரர்களுக்கே பங்கிட்டதும், வரவு செலவை மாதக் கூட்டத்தில் உரக்க வாசிப்பதும் நான் உனக்குச் சொல்லித் தந்தவை அல்ல.

ஆனால் அந்த ஆயிரம் கன்றுகளை நீ ஏற்றிருக்கக் கூடாது. கொடுப்பவர் ஒரே நாளில் ஆயிரமும் நட்டுப் படம் வேண்டும் என்றார் என்பதற்காக ஏற்பதா? இருநூறு போதும் என்று அன்றே எழுதினேன். ஊற்ற எத்தனை குடம் இருக்கிறதோ, தூக்க எத்தனை கை இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கன்று வைக்க வேண்டும். நீ என் பேச்சைக் கேட்கவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். கேட்கவில்லை என்று உன்னைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நீல அட்டை நோட்டை நீ மறந்திருக்க மாட்டாய்.

அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குழு முந்நூறு கன்று வைத்து ஓராண்டு நிறைந்ததைப் பார்க்க விருந்தினர்கள் வருவதாக இருந்தது. முதல் நாள் மாலை நீ ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்து 87 என்று எழுதிக்கொண்டு வந்தாய். கூடவே, காய்ந்துபோன ஒரு கன்றைப் பிடுங்கி வந்து என் முன்னால் நீட்டினாய். வேரைச் சுற்றிக் கறுப்புப் பாலித்தீன் பை கிழிபடாமல் அப்படியே இருந்தது. வெளியே போக வழியில்லாத வேர்கள் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒரு கிண்ணம்போல இறுகியிருந்தன. நட்ட அன்று படம் எடுப்பவர் கிளம்பிவிடுவார் என்று எல்லோரையும் விரட்டியவன் நான். அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். 87ஐ அழித்துவிட்டு 240 என்று எழுதச் சொன்னேன். செத்ததையும் எழுத வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்லாமல், நீ அழித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஊரார் தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். கண்ணால் கண்ட எண்ணை நோட்டு மறுக்கிறது என்றால், அவர்கள் நோட்டை நம்புவார்களா, அதை வைத்திருப்பவனை நம்புவார்களா? ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். சோம்பேறிகள் என்று இத்தனை ஆண்டுகளாக நான் அவர்களைத்தான் சொல்லிவந்தேன். பெரியப்பாவுடன் பேச்சு முறிந்ததும் இதனால்தான். உங்களிடம் வேறு காரணம் சொன்னேன்.

கென்யாவில் வாங்காரி மாத்தாய் 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஒரு பூங்காவில் ஏழு மரங்கள் நட்டதாகவும், அவற்றில் பிழைத்தவை இரண்டே என்றும் மிகவும் பிந்தித்தான் படித்தேன். அவருடைய பசுமைப் பட்டை இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது நட்ட கன்றுகளுக்காக அன்று, பிழைத்த கன்றுகளுக்காகவே. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பெண்கள் நட்ட மரங்கள் மூன்று கோடி என்று பேசப்பட்டது. ஏழில் இரண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. முந்நூறில் எண்பத்தேழு அதைவிட மோசமில்லை அல்லவா? அந்த எண்பத்தேழையும் வைத்துக்கொண்டு நாங்கள் தொடர்ந்திருக்கலாம்.

ஆயிரத்தில் எத்தனை நிற்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. செத்த கன்றை மட்டும் பிடுங்கிப் பார். வேர் சுருண்டிருந்தால் பையைக் கிழிக்காமல் நட்டிருக்கிறார்கள், அழுகியிருந்தால் குழியில் நீர் தேங்கியிருக்கிறது, அரித்திருந்தால் கரையான், வேர் நன்றாக ஓடியும் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. எந்த வரிசையில் எது என்று குறித்துக் கூட்டத்தில் நீயே எழுந்து வாசி. மழைக்கு முன் குழியைத் திருத்தி வைத்தால், முதல் மழை இறங்கியதும் விட்ட இடங்களில் மறுநடவு செய்யலாம். ஆனால் இந்த முறை கையளவு பார்த்து வை.

நேற்று பரணிலிருந்து நீல நோட்டை எடுத்தேன். நீ அழித்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் 87 இன்னும் தெரிகிறது. 240ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 87 என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நோட்டு உன்னிடமே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் முறை யாருடையது என்று மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா