பெய்ரோனி நோட்டீஸுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு வணக்கம். ஆணுறுப்பின் உள்ளே தழும்பு விழுந்து அது வளைந்துபோகும் பெய்ரோனி நோயைப் பற்றி நாங்கள் போட்ட நோட்டீஸுக்கு உதவியவர்களுக்கு இந்தக் கடிதம்.

முதல் நன்றி முடிதிருத்தும் கடைக்காரர்களுக்கு. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கண்ணாடிக்குக் கீழே, சீப்பு வைக்கிற பலகையிலேயே நோட்டீஸுக்கு இடம் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினால் நாலு பேர் பார்க்க யார் நின்று வாசிப்பார்? ஆணுறுப்பில் கட்டி தட்டுப்படுவது, விறைக்கும்போது வலி, புதிதாக ஒரு வளைவு: இதில் எது வந்தாலும் யூராலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெய்ரோனி புற்றுநோயும் இல்லை, ஒட்டுகிற நோயும் இல்லை.

வர்ம ஆசான்மாருக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்தலாம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள். உள்ளே விறைப்புத் தசையைச் சுற்றியிருக்கும் உறையில் தழும்பு விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் விரியாது, மறுபக்கம் விரியும், அதனால்தான் வளைவு. அழுத்தி நீவினால் புதுக் காயம், அதன்மேல் புதுத் தழும்பு. வருகிற வருமானத்தை விட்டுவிட்டு இதைச் சொல்ல மனசு வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்கள் வைட்டமின் ஈ மாத்திரையை இதற்கென்று விற்காமல் இருந்ததும் பெரிய உதவி. அது வளைவைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை. வலி மாத்திரையும் மருத்துவர் சீட்டோடுதான், அதுவும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனத்தோடு.

தூத்தூர், குளச்சல் விசைப்படகுக்காரர்களுக்கு: கடலுக்குப் போகுமுன் ஒன்று, திரும்பியதும் ஒன்று என்று படம் எடுக்கும் யோசனை உங்களுடையது. விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்து, தேதி குறித்து, போனைப் பூட்டி வையுங்கள். (வாட்ஸப் குரூப்பில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!) மருத்துவர் கோணத்தை அளக்கவும், வளைவு கூடுகிறதா நின்றுவிட்டதா என்று அறியவும் இதுவே ஆதாரம். வலியும் வளைவும் மூன்று மாதமாவது மாறாமல் நின்ற பிறகே அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். தையல் போட்டு நிமிர்த்தும் முறையில் நீளம் கொஞ்சம் குறையும். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வளைவு லேசாக இருந்து உறவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

சர்க்கரை நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போன செவிலியர்களுக்கும் நன்றி. உள்ளங்கையில் நரம்பு போலத் தடித்து விரல் மடங்கிப்போனவர்களுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு கூடுதல் என்பதை அடுத்த அச்சில் சேர்க்கிறோம். கூடவே பெரிய எழுத்தில் இதையும்: உறவின்போது 'டக்' என்று சத்தம் கேட்டு, விறைப்பு சட்டென்று அடங்கி, வீங்கிக் கறுத்தால் அது வேறு, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நோட்டீஸ் தயாரித்த குழு,
நாகர்கோவில்