சிங்கப்பூருக்குக் குடிபோகுமுன் செப்டம்பர் மாதத்தையும் விசாரிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை நிமித்தம் குடும்பத்துடன் சிங்கப்பூர் செல்வோருக்காகத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, வீட்டு வாடகையிலிருந்து பள்ளிச் சேர்க்கை, மளிகைச் செலவு வரை எல்லாவற்றையும் பொறுப்பாக விளக்கியிருந்தது. காற்றைப் பற்றி மட்டும், கடல் சூழ்ந்த தீவு என்பதால் கவலையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஏழாண்டுகள் அங்கே குடியிருந்து, இளைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை வளர்த்தவள் என்ற முறையில் அந்த ஒரு வரியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆண்டின் பெரும்பாலான நாட்களுக்கு அது உண்மைதான். நாங்களும் 2013 ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டிருந்த வானத்தின் கீழ் நின்றுதான் வீடு பார்த்தோம். முகவர் சன்னலைத் திறந்து காட்டி, 'தூசியே வராது' என்றார். அதே ஆண்டு ஜூன் 21 அன்று, காட்டுத் தீயின் புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே 'அபாயகரம்' என்பது அந்த ஊர்க் கணக்கு.

புகை சிங்கப்பூரில் கிளம்புவதில்லை. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் காளிமந்தானிலும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் காட்டை எரிக்கும்போது, வடிகால் வெட்டி உலரவிட்ட சதுப்புநிலக் கரிமண்ணும் சேர்ந்து பற்றிக்கொள்கிறது. மேலே நீரூற்றினாலும் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும் அந்தப் புகையை, ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கிறது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வறட்சி கூடுவதால் நிலைமை மோசமாகும்; 1997-உம் 2015-உம் அப்படிப்பட்டவை. ஆனால் 2013 எல் நினோ ஆண்டு அல்ல என்பதால் அதை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. புகைக்குக் காரணமான நிறுவனங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் அபராதம் விதிக்க வழிசெய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் 2014-இல் இயற்றியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி அனைத்தையும் மூடினார்கள்.

அந்த வாரத்தில் எங்கள் எதிர் புளோக்கின் விளக்குகள் தெரிந்தனவே தவிரக் கட்டடம் தெரியவில்லை. மூங்கில் கழியில் உலர்த்திய பள்ளிச் சீருடையை உள்ளே எடுத்தால், கிராமத்து விறகடுப்பின் முன் நாள் முழுவதும் தொங்கவிட்டதைப் போல வாசம் அடித்தது. சன்னல்களைச் சாத்திவிட்டு ஏசி போட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்தோம். வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்குமே தவிர நுண்துகள்களை வடிகட்டாது. அதற்குக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வேண்டும். அதைத் தேடி நாங்கள் கடைக்குப் போனபோது எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. மகனுக்கு இன்ஹேலரை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்தபடி நால்வரும் ஒரே அறையில் படுத்தோம்.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவும் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டுகின்றன. சிங்கப்பூர் அரசின் குறியீடு வேறு. ஒரு கன மீட்டரில் 55 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கும் அதே காற்று சிங்கப்பூர்க் கணக்கில் 100, அதாவது 'மிதம்'; அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 150. இது புரியாமல் ஒருவர் பதறுவார், இன்னொருவர் அலட்சியமாக இருப்பார். மேலும், அரசு அறிவிக்கும் குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலையில் புகை சூழ்ந்தால் அந்த எண் ஏறி முடிவதற்குள் பிள்ளை விளையாடிவிட்டே வந்துவிடும். வெளியே போகலாமா என்று முடிவுசெய்ய, தேசியச் சுற்றுப்புற வாரியம் ஐந்து வட்டாரங்களுக்கும் தனித்தனியே வெளியிடும் ஒரு மணி நேர நுண்துகள் அளவைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ளவே இரண்டு புகைமூட்டங்கள் ஆயின.

ஆரோக்கியமானவர்கள் இதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கும் நல்ல ஆண்டுகளே அதிகம். ஆனால் ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் குடும்பம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு நிறுவனத்தின் காப்பீடு செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு பார்க்கும்போது விரைவுச்சாலையை ஒட்டிய கீழ்த்தளங்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் வாகனப் புகைக்குப் பருவம் கிடையாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். வீடு பார்க்க ஏற்ற மாதங்கள் என்று, புகையே தெரியாத டிசம்பரையும் ஜனவரியையும் குறிப்பிட்ட அந்தப் பெட்டிச் செய்தியை மட்டுமாவது அதில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி