அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

பாம்பு கடித்தும் அம்மா பிழைத்துவிட்டார். கால் வீக்கம் வற்றிவிட்டது, சிறுநீர் சரியாகப் போகிறது, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். உதவியவர்கள் பலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டோம். சிலர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவர்களையும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சித்திரையில் செங்கம் பக்கம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்த நேரம். கொடிக் குவியலுக்கு அடியில் கிடந்த கண்ணாடி விரியன் அம்மாவின் கணுக்காலில் கடித்துவிட்டது.

முதல் நன்றி எதிர்வீட்டுத் தம்பிக்கு. மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள், ஒருவர் கயிறு எடுத்துவந்தார். அவர்கள் மேல் வருத்தமில்லை, அவர்கள் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. "கட்டாதீங்க, கீறாதீங்க, காலை அசைக்காம வைங்க" என்று தம்பி ஒரே பிடியாக நின்றான். இதையெல்லாம் அவனுடைய அம்மாவுக்குச் சொன்னவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே வந்து சொன்னார். அக்கா, நீங்கள் வெயிலில் நின்று பேசியது வீண்போகவில்லை.

பைக்கில் அம்மாவை நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்கா அம்மாவின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். 20 நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. டாக்டர் உடனே விஷமுறிவு மருந்தை எடுக்கச் சொன்னார். அது குப்பியில் பொடியாக இருக்கிறது. நீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டிக் கரைத்தார் அந்த அக்கா. அப்படிப் பத்துக் குப்பி. அவசரம் தெரிந்தும் அந்தக் கை பதறவில்லை. ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் கட்டில் பக்கத்திலேயே நின்றார்.

அந்தப் பத்துக் குப்பி அங்கே இருந்ததே, எனக்கு அதுதான் பெரிது. 108 வராத காலத்தில் என் பெரியப்பாவையும் விரியன்தான் கடித்தது. முதலில் கொண்டுபோன இடத்தில் மருந்து இல்லை, வேறு ஊருக்கு அனுப்பினார்கள், வழியிலேயே போய்விட்டார். அப்பா இன்றுவரை அந்த இரவைப் பற்றிப் பேசியதில்லை. அதே நிலம், அதே பாம்பு. இந்தமுறை மருந்து பக்கத்தில் இருந்தது. ஆகவே, இருப்பு குறையும் முன்பே மருந்து வேண்டுமென்று எழுதிக் கேட்டு (இன்டென்ட் போட்டு) வரவழைத்து வைத்த மருந்தாளுநர் ஐயாவுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். உங்கள் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் வீட்டில் அது தெரியும்.

அங்கிருந்து அம்மாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக 108-இல் வந்த மருத்துவ உதவியாளர் தங்கை, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் காலில் கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறித்தார். போய்ச் சேர்வதற்குள் இன்னும் சில கோடுகள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் முதலில் பார்த்தது அவற்றைத்தான். குண்டும் குழியுமான ரோட்டில் அம்மாவுக்கு அதிராமல் ஓட்டிய பைலட் அண்ணனுக்கும் நன்றி. விரியன் விஷம் சிறுநீரகத்தை விடாது என்பார்கள், அம்மாவையும் விடவில்லை. டயாலிசிஸ் செய்த டாக்டர்கள், டெக்னீஷியன்கள், வார்டு நர்ஸ்கள், "அழாதம்மா, இதைவிட மோசமா வந்தவங்களே நடந்து போயிருக்காங்க" என்று எனக்கு டீ வாங்கித் தந்த தூய்மைப் பணியாளர் அக்கா, எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம். சிகிச்சைக்கென்று யாரும் எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அப்புறம், நாங்கள் பார்த்தே இராதவர்கள். இந்த மருந்து பாம்பு விஷத்திலிருந்துதான் வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நாட்டில் மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வயலிலும் புதரிலும் தேடிப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். இன்று அந்தச் சங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் எங்கள் உறவு. உங்களுக்குப் பட்டாவும் நல்ல வீடும் நியாயமான கூலியும் கிடைக்க யார் குரல் கொடுத்தாலும் எங்கள் குரலும் அதில் இருக்கும்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கணக்கை வைத்து, எந்த ஊருக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று பார்த்து அனுப்புங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஜவ்வாது மலையில் இன்னும் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் குக்கிராமங்கள் உண்டு. எங்களுக்கு ரோடு இருந்தது, அவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். டாக்டர், நர்ஸ் அக்கா, மருந்தாளுநர் ஐயா, 108-காரர்கள், எல்லோரும் டியூட்டி இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டாயம் வரவேண்டும். எதிர்வீட்டுத் தம்பி பஸ் ஸ்டாப்பில் நின்று கூட்டிவருவான்.