போர்க்காயத்தோடு வாழ்பவர்களின் வீடுகளுக்கு ஒரு தாதி போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாதியர் தினத்தை ஒட்டி உங்கள் பத்திரிகையில் வந்த படங்களையும் வாழ்த்துகளையும் பார்த்தேன். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், பூச்செண்டு கொடுக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் மே 12 போய் ஆறாவது நாள், 2009 இல் எங்கள் மண்ணில் போர் முடிந்த மே 18 வந்துவிடுகிறது. இந்த இரண்டு நாட்களையும் சேர்த்து நினைத்து யாரும் எழுதக் காணவில்லை. சத்திரசிகிச்சை விடுதிகளில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தாதிய சகோதரி நான். அதை எழுதவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடு நிற்பவராகத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். கிரிமியப் போர் நடந்த 1854 இல் 38 தாதியரோடு அவர் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரித்தானிய இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனது காயப்பட்ட படையினரைப் பார்க்க. அங்கே காயத்தால் செத்தவர்களைவிட அழுக்காலும் தொற்றுநோயாலும் செத்தவர்களே அதிகம். அதை அவர் எண்ணி எழுதிவைத்தார். ஊர் திரும்பிய பிறகு அந்தக் கணக்கோடு அரசாங்கத்தை விடாமல் நெருக்கினார். படையினரின் சுகாதாரத்தை ஆராய 1857 இல் அரச ஆணைக்குழு அமைந்தது. தாதியத் தலைமைத்துவம் என்று இப்போது மேடைகளில் பேசுகிறோமே, என் கண்ணுக்கு அது இந்த வேலைதான்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது? புனர்வாழ்வு முடித்து வீட்டுக்கு வந்த முன்னாள் போராளிகள் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர். ஷெல் விழுந்து காயப்பட்ட பொதுமக்கள் அதற்கு வெளியே. 2009 இல் இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது நாற்பதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். கால் போனவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இலிருந்து பொய்க்கால் செய்துகொடுத்து வருகிறது, அது பெரிய புண்ணியம். ஆனால் பொய்க்கால் உரசிய இடத்தில் புண் வந்தால், தலைக்குள் இருக்கும் சன்னத்தால் (குண்டுத்துண்டால்) வலிப்பு வந்தால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் படுக்கைப்புண் எலும்புவரை போனால், அதை வீட்டுக்கு வந்து பார்ப்பவர் யார்? கர்ப்பிணி என்றால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே போகிறார், பதிவேட்டில் பெயர் இருக்கிறது. போர்க்காயத்துக்கு அப்படி ஒரு பதிவேட்டை நான் வேலைசெய்த எந்த இடத்திலும் கண்டதில்லை.

வடமராட்சியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. முள்ளந்தண்டில் சன்னம் பட்டு மகனுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தாய்க்கு எழுபது கடந்துவிட்டது. ஒருநாள் அந்தத் தம்பிக்குத் தாங்க முடியாத தலையிடி. முகம் சிவந்து நெற்றியால் வியர்வை வழிகிறது, கால் இரண்டும் குளிர்ந்துபோய் இருக்கிறது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறஷர் கூட என்று குளிசை கொடுத்து, கொஞ்ச நேரம் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் தலையிடி விடவில்லை. தாய் எனக்குப் போன் எடுத்தார். நான் போய் ஆளை நிமிர்த்தி இருத்திவிட்டுப் போர்வையை விலக்கினேன். சலக்குழாய் தொடைக்குக் கீழே மடிந்து நசிபட்டுக் கிடந்தது. பையில் ஒரு சொட்டுச் சலம் இல்லை. குழாயை எடுத்து நேராக்கியதுதான் தாமதம், சலம் ஓடத் தொடங்கியது. பை நிறைய நிறைய முகத்தில் சிவப்பு இறங்கியது. “அன்ரி, இப்ப தலை லேசாக் கிடக்கு” என்றார். தாய் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

முள்ளந்தண்டில் நெஞ்சுப்பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவர்களுக்கு இது வரும். சலப்பை நிரம்பினால், மலம் இறுகினால், கால்நகம் சதைக்குள் குத்தினால்கூட, நோவை உணர முடியாத உடம்பு அதைப் பிறஷராகக் காட்டும். அவர்களுடைய வழமையான பிறஷரே 90, 100 என்று தாழ்வாகத்தான் இருக்கும். அதனால் மற்றவர்களுக்குப் பயப்படத் தேவையில்லாத 140 இவர்களுக்கு ஆபத்து. கவனியாமல் விட்டால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். முதலில் ஆளை நிமிர்த்தி இருத்தவேண்டும், படுக்கவைத்தால் பிறஷர் இன்னும் ஏறும். இறுக்கமான உடுப்பைத் தளர்த்தவேண்டும், உடனே குழாயைப் பார்க்கவேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அன்று கடமையில் இருந்த பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். வழமையான நோயாளிக்குச் செய்வதைச் செய்தார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரிடம் வேறாகப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கிவிட ஒருவர் இருந்திருக்கவேண்டும்.

அமெரிக்காவில் தாதியாக இருக்கும் என் தங்கையின் மகள் அங்கே நடப்பதைச் சொல்லுவாள். அங்கு முன்னாள் படையினருக்கென்று தனி ஆஸ்பத்திரிகள் இருந்தாலும், பலர் சாதாரண ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வருகிறார்கள். அதனால் அமெரிக்கத் தாதியர் அக்கடமி, ‘நீங்கள் எப்போதாவது படையில் இருந்ததுண்டா?’ என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கும்படி ஓர் இயக்கமே நடத்தியது. அதற்கு முன்பு 2012 இல், 150க்கு மேற்பட்ட தாதியர் அமைப்புகளும் 450க்கு மேற்பட்ட தாதியர் கல்லூரிகளும் போர் தந்த மனவடுவையும் மூளைக்காயத்தையும் பற்றித் தாதியருக்குப் படிப்பிப்போம் என்று உறுதி கொடுத்தன. 2011 இன் முடிவில் அந்நாட்டுத் தரைப்படையின் தலைமை மருத்துவப் பதவிக்கு பற்றீசியா ஹொரோஹோ வந்தார். அதில் அமர்ந்த முதல் பெண்ணும் முதல் தாதியும் அவர்தான். மருத்துவர்கள் இருக்கும் மேசையின் தலைப்பில் ஒரு தாதியை இருத்தினார்கள், அதைத்தான் நான் கவனித்தேன்.

சரி, அந்தக் கேள்வியை இங்கே அப்படியே கேட்கலாமா? முடியாது. “இயக்கத்தில இருந்தனீங்களோ?” என்று வரிசையில் நிற்பவரிடம் கேட்டால், அடுத்த கிளினிக்குக்கு அவர் வரமாட்டார். யார் எழுதுகிறார்கள், அந்தத் தாள் எங்கே போகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பயப்படுவதற்கு அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே உடம்பைப் பற்றி மட்டும் கேட்போம். “உடம்பில எங்கையாவது சன்னம் இருக்கோ? தலையில அடிபட்டு நினைவு தப்பினதோ? வீட்டில படுக்கையில ஆராவது இருக்கினமோ?” இது எந்தப் பக்கத்தவரையும் பிரிக்காது. வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்த ஆச்சிக்கும் இதே கேள்விதான். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பும் முன் சன்னம் இருக்கிறதா என்று எப்படியும் கேட்டாகவேண்டும், கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ உலோகம் இருந்தால் அந்த ஸ்கானே தீங்கு செய்யும். அதை முதல் நாளே கிளினிக் கொப்பியில் எழுதிவைத்தால் என்ன?

அரச படையினருக்கு 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது. தெற்கிலே சக்கரநாற்காலியில் இருக்கும் படைவீரனின் தாயும் ஒரு தாய்தான், அவருக்குக் கிடைப்பதை நான் குறைக்கச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் இருக்கும் தாய்மாருக்கும் ஒரு கதவு திறந்திருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்தத் தாய்மாரையும் மனைவிமாரையும் பற்றித்தான் எனக்குக் கூடிய கவலை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பவேண்டும், இரவிலும்தான். அந்த வடமராட்சித் தாய்க்கு நீரிழிவு. மகனை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் தன் கிளினிக்கைத் தவறவிடுகிறார். குதிக்காலில் வெடிப்பு, புண்ணாகிற பக்குவம். “எனக்கென்ன பிள்ளை, நான் போனாப் பிறகு இவனை ஆர் திருப்பிறது?” என்று கேட்டார். அமெரிக்காவில் 2010 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, காயப்பட்ட படையினரை வீட்டில் பராமரிக்கும் குடும்பத்தவருக்குப் பயிற்சியும் மாதக் கொடுப்பனவும் ஓய்வுக்கு மாற்று ஏற்பாடும் செய்தார்கள். அந்தப் பணம் எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு பிரதேச வைத்தியசாலையில் இரண்டு கட்டிலை ஒதுக்கி, மகனை அங்கே ஒரு கிழமை பார்த்துக்கொண்டு, தாயின் காலையும் சீனியையும் அதே கிழமையில் பார்த்துவிட முடியாதா?

இவையெல்லாம் நடக்க, சுகாதாரப் பிராந்தியத்துக்கு ஒரு மூத்த தாதியிடம் பொறுப்பையும் அதிகாரத்தையும் கொடுங்கள். வெறும் பொறுப்பு வேண்டாம், அது எங்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. வாகனம் கேட்டால் கிடைக்கவேண்டும். வீட்டில் குழாய் மாற்றவும், புண்ணுக்கு மருந்து கட்டவும், ஆஸ்பத்திரிக்கு நேரே அனுப்பவும் அவருடைய கையெழுத்துப் போதவேண்டும். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்களோடும் நோயாளிகளோடும் தாதியரும் கடமையில் நின்றபடியே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் இந்த மண்ணில் தாதியர் விடுதிகளை விட்டுப் போகவில்லை. யுத்த காலத்தில் பல இரவுகளில் மருத்துவர் வரும்வரை முடிவெடுத்தவர்கள் நாங்கள். அப்போது நம்பினீர்கள், இப்போதும் நம்பலாம்.

பதிவேடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே பூட்டி இருக்கவேண்டும். காயம் எங்கே, குழாய் எப்போது மாற்றியது, பராமரிப்பவர் யார், அவருக்கு என்ன வருத்தம் என்பவை மட்டும் போதும். எப்போது, எப்படிக் காயப்பட்டது என்ற நிரல் அதில் வேண்டாம். வேறு எந்தத் திணைக்களம் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று எழுத்தில் இருக்கவேண்டும். தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும், பல்கலைக்கழகத் தாதியர் பட்டப்படிப்பிலும் முள்ளந்தண்டுக் காயத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் படிப்பித்து, மாணவிகளை ஒருநாளாவது இப்படியான ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும்.

மாகாண சுகாதாரத் திணைக்களம் முதலில் ஒரேயொரு பிரிவில் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும். பதிவேட்டின் மாதிரியை எழுதி வைத்திருக்கிறேன். பணிமனையில் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்துக் கேட்டால் உங்கள் பத்திரிகை மூலமே அனுப்பிவைப்பேன். வகுப்பெடுக்க என்னைப்போல ஓய்வுபெற்ற சிஸ்டர்மார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம், பஸ் காசு தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி,
சுன்னாகம்.